அனுஷம் என்று சொல்லிக்கொண்டவள்

1

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சென்னையில் கணவர் வீடு இருக்கும் கீழ்க்கட்டளைக்குப் போகும்போது "ஸ்கூல்ல, சயின்ஸ் டிபார்ட்மென்ட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்பவர்கள் டீச்சர் என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. உண்மையில் நான் பீக்கர் கழுவுகிறேன், அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன், உடைந்த சோதனைக் குழாய்களைப் பெருக்குகிறேன். தாம்பரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்ததற்கு இந்த மட்டிலாவது கண்ணாடிக் குழாய்களோடு உறவு இருக்கிறதே என்று தேற்றிக்கொள்வேன்.

போன ஜூன் மாதம் பள்ளியில் வானம் பார்க்கும் மாலை ஒன்று நடந்தது. இங்கே ஜூன் என்றால் குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் தன் சொந்தத் தொலைநோக்கியை மைதானத்தில் நிறுத்தியிருந்தார். பிள்ளைகளும் பெற்றோரும் சூப் கோப்பைகளோடு சுற்றி நின்றார்கள். கிழக்கே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, ஒரு சிவப்புப் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. "ஆன்டாரிஸ்" என்றார் பிளம்பர்.

எனக்குத் தெரிந்த விஷயம் கண்முன்னே வந்துவிட்டால் வாய் நிற்காது. பீக்கர் கழுவுகிறவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அந்த ஏக்கமும் உண்டு. பிளம்பரை ஓரம்கட்டிவிட்டு ஆரம்பித்தேன். இது விருச்சிகத்தின் இதயம், ஊதிப் பெருத்த சிவப்பு ராட்சச நட்சத்திரம், தன் ஆயுளின் கடைசியில் இருக்கிறது, சூரியன் இருக்கும் இடத்தில் இதைக் கொண்டுவந்து வைத்தால் பூமியையும் செவ்வாயையும் சேர்த்து விழுங்கிவிடும், நாம் இப்போது பார்க்கும் வெளிச்சம் ஐந்நூறு வருடங்களுக்கும் முன்னால் கிளம்பியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு தாய், "நான் விருச்சிக ராசி, இது என்னைப் பாதிக்குமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "அதற்கு நம்மைத் தெரியவே தெரியாது" என்றேன், விஞ்ஞானமே நேரில் வந்து நின்றதுபோல.

அந்த நட்சத்திரத்துக்கு நம் பஞ்சாங்கத்தில் கேட்டை என்று பெயர். அதற்குப் பயந்து இருபத்துநான்கு வருடங்களாக, ஞாயிறு தவறாமல், கணவரின் அண்ணனுக்கு போன் போட்டு உடம்பு விசாரித்துக்கொண்டிருப்பவள் நான்.

2

விஷயம் இதுதான். கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அவள் வாழப்போகும் வீட்டில் கணவனுக்கு அண்ணன் இருந்தால் அவருக்குக் கேடாம். இது யார் சொன்னது, எந்த அண்ணனை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் பஞ்சாங்கத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

அப்பா கோவிந்தராஜ், தாம்பரத்தில் ரயில்வே குமாஸ்தா. வாழ்க்கையில் ஒரு நிமிடம் தாமதமாக ஆபீசுக்குப் போனதில்லை என்று பெருமையடித்துக்கொள்பவர். எனக்கு வந்த முதல் வரனில் பையனுக்கு ஓர் அண்ணன். ஜாதகம் திரும்பி வந்தது. இரண்டாவதிலும் அண்ணன். மூன்றாவது இடத்தில் மூன்று அண்ணன்கள், அவர்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பவும் பயந்தார்கள் போலிருக்கிறது, கடைசிவரை வரவே இல்லை. நான்காவதாகக் கீழ்க்கட்டளையிலிருந்து ரகுவின் வரன் வந்தது. முன்பு விவசாயக் குடும்பம், இப்போது மேடவாக்கம் ரோட்டில் சிமென்ட், கம்பி விற்கும் ஹார்டுவேர் கடை. பையன் இன்ஜினியர். அவருக்கும் ஓர் அண்ணன், தண்டபாணி.

ஒரு நிமிடம் தவறாத என் அப்பா, ஜோசியரிடம் உட்கார்ந்து நான் பிறந்த நேரத்தை நான்கு மணி நேரம் முன்னால் தள்ளினார். நான் பிறந்தது காலை ஒன்பது நாற்பது. அன்று ஏழரை மணியோடு அனுஷம் முடிந்து கேட்டை தொடங்கிவிட்டது. ஜாதகத்தில் ஐந்து நாற்பது என்று எழுதினார்கள். கேட்டை அனுஷமாயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் அனுஷம்னு சொல்லும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நானும் சொன்னேன். மேடையில் சொன்னேன், கோவிலில் சொன்னேன், குருக்களிடம் சொன்னேன். நாளடைவில் எனக்கே அது பழகிவிட்டது. ஆனால் கல்யாணமான மூன்றாவது மாதம் மூத்தார் தண்டபாணிக்கு டைபாய்டு வந்தபோது, இயற்பியல் பட்டதாரியான நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

3

இந்த ரகசியம் வெளிவந்தது ஒரு படிவத்தால். வெளிநாட்டில் குடியேறியவர்களின் வாழ்க்கையில் பாதி, படிவத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்பதில் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். கணவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகள் யாழினிக்கு என் கணவர் பெயர். பள்ளியில் என்னை "மிசஸ் கோவிந்தராஜ்" என்பார்கள். என் அம்மாவைத் தேடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

யாழினிக்குப் பதினேழு வயது. அவளுடைய புதுப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப வெளிநாட்டு இந்தியர் அட்டையை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத் தேவையான என் பழைய காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்யும் வேலையை அவளிடம் கொடுத்தேன். தமிழ் படிக்கத் தெரியாதவளிடம் கொடுத்தால் பாதகமில்லை என்று நினைத்தேன். நான் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஆங்கிலத்தில் இருந்ததை மறந்துவிட்டேன்.

அவள் வானம் காட்டும் செயலி ஒன்றை மடிக்கணினியில் வைத்திருந்தாள். பொழுதுபோகாமல் நான் பிறந்த தேதியையும் சீட்டிலிருந்த நேரத்தையும் தாம்பரத்தையும் அதில் போட்டிருக்கிறாள். சமையலறைக்கு வந்து திரையை நீட்டினாள்.

"அம்மா, நீ பொறந்தப்போ மூன் எங்க இருந்துச்சு பாரு. ஆன்டாரிஸ் பக்கத்துல. நீ ஸ்கூல்ல லெக்சர் குடுத்தியே, அதே ஸ்டார்."

நிலா அந்தச் சிவப்புப் புள்ளியைக் கொஞ்சம் தாண்டி நின்றுகொண்டிருந்தது. என் கையில் கரண்டி.

"அனுஷம்னு ஒண்ணு சொல்லுவியே, அது இதுவா?"

"இல்ல. இது கேட்டை."

"கேட்டையா? எந்த கேட்ட? சைட் கேட்டயா? அத என்ன பண்ணணும்?"

நட்சத்திரத்தைச் சொன்னால் என் மகள் வாசல் கேட்டை மூடப் போகிறாள். இருபது வருடத்துக்கும் மேலான அயல்வாழ்வின் பலன் இது. அவளுக்கு விளக்கும்போது ரகுவும் வந்துவிட்டார். முழுவதையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா பயந்துட்டிருந்த?" என்றார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. தண்ணீர் குடித்தார். "அண்ணனுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சது எந்த வருஷம்?" என்று கேட்டார். கடைசியில், "அங்க யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

4

சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் அடுத்த வாரமே விக்னேஷ் போன் செய்தான். அவன் தண்டபாணி மாமாவின் இளைய மகன். மூத்தவன் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறான்.

"சித்தி, ஒரு பொண்ணு. பேரு ரம்யா. கேளம்பாக்கத்துல பேங்க்ல வேலை. எல்லாம் ஓகே ஆயிடுச்சு. அப்பா கூட சரின்னுட்டாரு. ஜாதகம் பாத்தப்புறம் அம்மா வேணாங்குறாங்க."

"ஏன்டா?"

"கேட்டை நட்சத்திரமாம். அண்ணனுக்கு ஆகாதாம். நீங்க சயின்ஸ் டீச்சர் ஆச்சே சித்தி, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிவு சொல்லணும்னு அவங்க வீட்ல கேக்குறாங்க."

டீச்சர் என்று நினைத்தால் அவர்கள் பாடு என்று விட்டதன் பலன் அப்படி வந்து விடிந்தது. அன்று முழுக்க எனக்கு எதிலும் கை ஓடவில்லை. அந்தப் பெண்ணின் ஜாதகம் திரும்பி வரப்போகிறது. அதே காரணம், அதே வீடு. உள்ளே வந்துவிட்ட நான் மௌனமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளியின் குளிர்கால விடுமுறையில் நானும் யாழினியும் கிளம்பினோம். ரகு லீவ் இல்லை என்றார். பாதி லீவ் இல்லை, பாதி துணிச்சல் இல்லை.

5

வந்த மறுநாளே விக்னேஷ் என்னைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துப் போனான். பேங்குக்கு எதிரே ஒரு காபிக் கடை. ஆர்டர் எடுக்க வந்தவரிடம் பரவாயில்லை என்பதற்கு, மெல்பர்ன் பழக்கத்தில், வாய் தவறி "நோ வரீஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படி ஓர் ஐட்டம் இல்லை மேடம் என்றார்.

ரம்யா மதிய இடைவேளையில் வந்தாள். களைத்த முகம். நேராகப் பேசுகிற பெண். அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர் என்றாள். நான் மெதுவாகப் பேச்சை ஜாதகத்துக்குத் திருப்பினேன். பிறந்த நேரத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். என்ன எதிர்பார்த்துக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"சரியாதான் ஆண்ட்டி எழுதியிருக்கு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு இடம் இதனால போச்சு. ஜோசியரே எங்கப்பாகிட்ட சொன்னாரு, ஒரு மணி நேரம் முன்னாடி இழுத்துப் போட்டுத் தர்றேன், அனுஷம் ஆயிடும்னு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"பொண்ணு பொறந்த நேரத்தக்கூடவா பொய் சொல்லணும், அப்படி ஒரு வீடு எதுக்குன்னுட்டாரு."

அந்தக் கேள்விக்கு நான் ஏதோ தலையாட்டினேன். என் அப்பா கெட்டவர் அல்ல, பயந்தவர். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? திரும்பி வரும் வழியெல்லாம் விக்னேஷ், "பொண்ணு எப்படி சித்தி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "என்னவிட நல்ல பொண்ணு" என்றேன். அவன் நான் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்துச் சிரித்தான்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வது என்று முடிவு செய்தேன். அன்று கடை அரை நாள். மாமா வீட்டில் இருப்பார். கூடத்தில் அவர் நாற்காலியில். விக்னேஷின் அம்மா, என் ஓரகத்தி சாந்தி அக்கா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யாழினி என் பக்கத்தில், தைரியத்துக்கு.

"மாமா, என் நட்சத்திரம் அனுஷம் இல்ல" என்றேன். "கேட்டை. எங்கப்பா நேரத்த மாத்திட்டாரு. எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

சாந்தி அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் மாமா. பிறகு ஒரு விரலை மடக்கி, "அப்போ எனக்கு ஸ்டென்ட் வச்சது?"

"தெரியல மாமா."

"தண்ணி லாரிக்காரன் இடிச்சு காலு ஒடைஞ்சுதே?"

"அப்போ நான் லீவுக்கு இங்கதான் வந்திருந்தேன்."

"டைபாய்டு?"

"மூணாவது மாசம்."

ஒவ்வொன்றாக விரல் மடக்கிக்கொண்டிருந்தவர், கையைப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். "முப்பது வருஷம் சிகரெட் புடிச்சிருக்கேன். டாக்டர் வேணான்னா, பின்னாடி கடையில பிரியாணி வாங்கித் துண்றேன். ராங் சைடுல வண்டி ஓட்டிக்கினு போனது நானு. அதுக்கெல்லாம் எங்கியோ கீற ஒரு நட்சத்திரமா பொறுப்பு?"

அந்தச் சிரிப்போடு முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை வைத்துக்கொள்ள முடியவில்லை. "வாரா வாரம் போன் பண்ணி உங்க சுகர் கேப்பேனே மாமா, அது பாசம்னு நினைச்சிருப்பீங்க. பாதி பயம்தான். என்னால உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

மாமா சிரிப்பதை நிறுத்தினார். "பயந்துக்கினு கேட்டியோ, பாசமா கேட்டியோ, கேட்ட இல்ல? என் கூடப் பொறந்தவன் ஒரு வாட்டி கேட்டானா?"

அப்போதுதான் சாந்தி அக்கா எழுந்தார். கீரை முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

சாயங்காலம் மாமா யாழினியிடம், "அந்த நட்சத்திரம் எங்க கீது, காட்டு" என்றார். ஏழரை மணிக்கு மொட்டைமாடிக்குப் போனோம். அன்று மழை மேகம் கலைந்திருந்தது. ஆனாலும் ரோட்டு விளக்குகளின் வெளிச்சத்தில் வானம் சாம்பலாக இருந்தது. மாமா கையை நீட்டி, "அதோ, சிவப்பா மின்னுதே" என்றார்.

"அது பிளேன் பெரியப்பா. மீனம்பாக்கம் போகுது."

"அதுவா?"

"அது செல்ஃபோன் டவர்."

கடைசியில் தென்கிழக்கே, ஒரு குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கண்டுபிடித்தோம். மெல்பர்னில் தலைகீழாகப் பார்த்துப் பழகிய விருச்சிகம் இங்கே நேராக நின்றது. அது கேட்டை என்று தெரிந்து, தாம்பரத்துக்காரி நான் இந்த ஊரில் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாமா வெகு நேரம் பார்த்தார்.

"இத்தனூண்டு கீது. இவ்ளோ தூரத்துல கீறவன் என்னைத் தேடிக்கினு எதுக்கும்மா வர்றான்?"

"அதுக்கு உங்கள தெரியாது பெரியப்பா. நீங்க ஃபேமஸ் இல்ல" என்றாள் யாழினி.

7

கீழே இறங்கியதும் சமையலறைக்குப் போனேன். சாந்தி அக்கா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டையை வாங்கப் போனேன், தரவில்லை.

"அக்கா, பயத்துல பண்ணிட்டோம்."

"நட்சத்திரத்த விடு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. "உனக்கு ஏழு வருஷம் குழந்தை இல்ல. ஞாபகம் இருக்கா? நீ அங்க டாக்டர்கிட்ட அலைஞ்சிட்டு இருந்த. நான் இங்க மாசா மாசம் அனுஷத்தன்னைக்கு உப்பில்லாம சாப்பிட்டு, அம்மன் கோவில்ல உன் பேருக்கு விளக்கு போட்டேன். ரெண்டு வருஷம். உன்கிட்ட சொன்னது கூட இல்ல. வேற யாரோ ஒருத்தியோட நட்சத்திரத்துக்குப் போட்டிருக்கேன்."

எனக்கு இது தெரியாது. யாழினி பிறந்தபோது, சிகிச்சையின் வெற்றி விகிதம் பற்றி நானும் ரகுவும் எல்லோருக்கும் பாடம் நடத்தினோம். அப்போதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "விளக்கு விளக்குதானே அக்கா, எனக்குத்தானே வந்து சேர்ந்தது" என்றேன். அது தப்பான பேச்சு என்று சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது. அக்கா கட்டையைக் கீழே வைத்தார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் யார்கிட்ட போய் சொல்லிடப் போறேன்?"

அதற்குப் பிறகு நான் இருந்த ஒன்பது நாளும் அக்கா என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டார், என் துணியை மடித்து வைத்தார், யாழினிக்குத் தலை பின்னிவிட்டார். பேச்சு மட்டும் இல்லை.

ஆனால் ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், தாமாகவே பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தட்டில் பூவும் பழமும் வைத்து, மாமாவையும் விக்னேஷையும் ரம்யா வீட்டுக்குக் கிளப்பினார். விக்னேஷ் நம்ப முடியாமல், "கேட்டை பரவாயில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டான்.

"அவங்கப்பா உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்திருக்காரு" என்றார் அக்கா. "எனக்கு அது போதும்."

நான் கூடத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். விக்னேஷ் பின்னால் வந்து, "சித்தி, நீங்க பேசினதுனாலதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஆமாம், நான் பேசியதால்தான். விஞ்ஞானத்துக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன் என்பது மட்டும் வேலை செய்தது.

ஆவணியில் தாம்பரத்தில் கல்யாணம். எனக்கு மறுபடி லீவ் கிடைக்கவில்லை. ரகு போனார். நான் இங்கே முற்பகலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனில் பார்த்தேன். ரகு போனைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் காட்டினார். மாமா கையசைத்தார். ரம்யா கும்பிட்டாள். சாந்தி அக்கா மஞ்சள் கிண்ணத்தோடு திரையின் குறுக்கே போனார், நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் தொடர்ந்தது. இப்போது பயமில்லாமல் மாமாவின் சுகரைக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பயமில்லாதபோது சில வாரம் கேட்க மறந்தும் போகிறேன் என்பது எனக்கே ஆச்சரியம். மாமா பேசுவார், விக்னேஷ் பேசுவான், புதிதாக ரம்யாவும் பேசுவாள். போன் கை மாறிக்கொண்டே வந்து, அக்காவிடம் போவதற்கு முன்னால் நின்றுவிடும். "கை வேலையா இருக்கா" என்பார் மாமா. மூன்று மாதம் கை வேலை.

போன ஞாயிறு நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமா என்று நினைத்து எடுத்தேன்.

"சுமதி" என்றது சாந்தி அக்காவின் குரல். "தண்ணி மோட்டார் காயில் எரிஞ்சு போயிடுச்சு."

"எப்போ அக்கா?" என்றேன்.

"காலையில. வீட்ல ஒரு பொட்டு தண்ணி இல்ல. மாமா மேல கை வச்சது பத்தாதா உன் கேட்டைக்கு? மோட்டார் மேலயுமா?"

ஈரத் துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. ரகு ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"மோட்டார் போயிடுச்சு" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.